பழைய பதிவேட்டை எடைக்குப் போடாதீர்கள்

பட்டாவில் பெயர் தப்பு என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யுடிஆருக்கு முன்னால சரியா இருந்ததா?" என்பதுதான். நான் வருவாய்த் துறையில் இருந்தவன் இல்லை. ஓய்வுபெற்ற குமாஸ்தா, கையெழுத்து புரியும்படி இருக்கும் என்பதற்காக உத்திரமேரூர் சுற்றுக் கிராமங்களிலிருந்து மனு எழுதச் சொல்லி வருகிறார்கள்.

வருகிறவர்களில் பலருக்கும் கதை ஒன்றே. பாட்டன் காலத்துச் சிட்டாவில் அண்ணன் தம்பி மூவர் பெயரும் இருக்கும். யுடிஆரில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறியிருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் அதுவே ஏறியது. மூத்தவரின் பேரன் நிலத்தை விற்கக் கிளம்பும்போதுதான் மற்ற இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிகிறது.

என் தங்கை மகனுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. கம்பெனிகள் சொந்த சர்வரில் வைத்திருக்கும் ஃபைல்களைக் கிளவுடுக்கு மாற்றித் தருகிறான். மேகம் என்கிறார்களே தவிர ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. வேறு ஊரில் வேறொருவர் பராமரிக்கும் கம்ப்யூட்டர்தான், நாம் இணையம் வழியாகப் பார்க்கிறோம். அந்த வேலையில் அவன் படும் பாட்டைக் கேட்டால் சிரிப்பாக வரும். ஃபைல் பெயரில் கேள்விக்குறி இருந்தால் ஷேர்பாயின்ட் ஏற்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய், பெயரும் பாதையும் சேர்ந்து 400 எழுத்தைத் தாண்டினாலும் ஏற்காது. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதங்கள் யூனிகோடு மட்டும் தெரிந்த இடத்தில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். (தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010-ல்தான்.) யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள் வழியில் உதிர்ந்துவிடும்.

"அப்புறம் எப்படிடா நம்புவது?" என்றேன். "எண்ணிப் பார்ப்போம் மாமா" என்றான். புறப்பட்டது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை. எண்ணிக்கை சரியானாலும் விடுவதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளடக்கத்தை வைத்து ஓர் எண் கணக்கிடுகிறார்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டு பக்கத்து எண்ணும் பொருந்தாதவை தனிப் பட்டியலாக வரும். அந்தப் பட்டியல் தீரும்வரை பழைய சர்வரை அணைக்க மாட்டார்களாம். பழைய சர்வரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்ட ஆளையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார்களாம்.

நம் நிலப் பதிவேடுகளும் இப்படி இடம் மாறியவைதான். நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யுடிஆர், 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட்டில் இருந்த கணக்கு ஹெக்டேர், ஏர் என்று ஆனது. அந்த வேலை பாதியில் இருக்கும்போதே, 1980-ல், கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. ஒழித்தது நல்லதுதான், அவர்கள் ஆடிய ஆட்டம் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள், பெயர்த்து எழுதும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனார்.

இன்று பட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டாம். அதில் எனக்குக் குறையே இல்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் வேலையும் அதை நிரூபிக்கும் வேலையும் நிலத்துக்காரர் தலையில் விழுந்ததுதான் எனக்கு ஆகவில்லை. மூலப் பத்திரம், வில்லங்கம், பழைய கிஸ்தி ரசீது எல்லாம் கட்டிக்கொண்டு தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று அவர் படி ஏறுகிறார். இடம் மாற்றியவர் அல்லவா ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்? பராந்தகச் சோழன் காலத்து நம் ஊர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடவோலையில் எழுதப்படக் கூடாது என்று இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டையும் இன்றைய கம்ப்யூட்டர் 'அ' பதிவேட்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் பட்டியல் எடுத்து, கிராம சபையில் பெயர் சொல்லிப் படிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உயிரோடு இருக்கும்போதே படித்தால், "அது அவங்க மூணு பேருக்கும் பொதுடா" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். அதுவரை பரணில் இருக்கும் கிஸ்தி ரசீதை யாரும் பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து நகல் வாங்கிக்கொள்ளலாம். கிராமத்துப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.