கோட்டையும் கோட்பாடும்

செஞ்சிக் கோட்டை கைமாறிய கணக்கைப் பாருங்கள்! 1677-ல் சிவாஜி. ஏழாண்டுக்கு மேல் நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-ல் மொகலாயர். 1750-ல் பிரெஞ்சுக்காரர். 1761-ல் வெள்ளைக் கும்பினி!

ஏன்? வல்லரசுகளின் ஆதிக்கப் போட்டியே உலக அரசியல் என்று 1948-ல் எழுதினார், அமெரிக்காவில் குடியேறிய அறிஞர் மார்கெந்தோ. அடுத்துள்ள அரசன் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்று சாணக்கியன் வகுத்த சூதும் (சூழ்ச்சிக்குச் சொல்லித்தரவா வேண்டும் அவனுக்கு!) அதே வழிதான். செஞ்சியைக் கண்டபின் பொய்யென்று தள்ள முடியுமா? முடியாது.

உடன்படிக்கையும் வாணிபமுமே போருக்கு மருந்து என்போர் மற்றொரு சாரார். நல்லது. ஆனால், இரு சாராருக்கும் பெரும்பாலும் நாடு என்றால் ஒரே ஆள். அவன் வாய் தலைநகரில்! கோட்டைக்குக் கல் சுமந்தவன், வரி கட்டியவன், அவன் பேச்சு அந்த ஏடுகளில் ஏது?

உடன்படிக்கையின் இலட்சணத்தையும் கண்டோம். 1974-ல் டில்லியும் கொழும்பும் கையெழுத்திட்டன. கச்சத்தீவு இலங்கைக்குப் போயிற்று. முதல்வர் கலைஞர் எதிர்த்தார், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, டில்லி அசையவில்லை. 1976-ல் நடந்த கடிதப் பரிமாற்றத்தில், அந்தக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையும் போயிற்று. இராமேசுவரத்து மீனவனைக் கேட்டார்களா? இன்று சிறைக்குப் போகிறவன் அவன். படகை இழப்பவன் அவன்!

அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் தமிழக அரசுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் நாற்காலி போடு என்கிறோம், டில்லியே!