ஐம்பது நாள் கெடுவும் நம் ஓபி சீட்டும்

2020 டிசம்பர் 16 அன்று அமெரிக்க எஃப்டிஏ, கிழிந்த ஏசிஎல்லை ஒட்டவைக்கும் ‘பேர்’ இம்ப்ளான்ட்டுக்கு டி நோவோ வழியில் அனுமதி கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நாம் என்ன செய்யப்போகிறோம்? நோயாளிகளும் கைப்பேசியில் செய்தித் துணுக்கைக் காட்டி, “தொடையிலிருந்து எதையும் எடுக்காம என் சொந்த ஜவ்வையே ஒட்ட வச்சிடலாமாமே சார்” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

கருவி நல்ல கருவி. அவசரம் வேண்டாம். அவ்வளவுதான் நம் நிலை.

ஏசிஎல் தானாக ஒட்டாததற்குக் காரணம், கிழிந்த இரு முனைகளுக்கு நடுவே ரத்தக்கட்டு நிலைக்காமல் மூட்டு நீரில் கரைந்துபோவதுதான் என்பதைப் பாஸ்டனில் மார்த்தா மர்ரே பல ஆண்டுகள் உழைத்துக் காட்டினார். மாட்டுக் கொலாஜன் பஞ்சை நோயாளியின் ரத்தத்தில் ஊறவைத்து அந்த இடைவெளியில் வைக்கும் யோசனை அங்கிருந்து வந்தது. 1976இல் ஃபீகினும் கர்லும் வெஸ்ட் பாயின்ட் கேடட்களின் ஐந்தாண்டு முடிவுகளை வெளியிட்ட பிறகு நாம் மெல்லக் கைகழுவிய பிரைமரி ரிப்பேர், வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறது.

அனுமதிக்கு ஆதாரமான இரண்டாம் ஆய்வில் 100 பேர். இடைநிலை வயது 17. இம்ப்ளான்ட் வைத்தவர்கள் 65, ஆட்டோகிராஃப்ட் 35. ஈராண்டு முடிவில் ஐகேடிசி மதிப்பெண் 88.9க்கு 84.8. தளர்ச்சியில் சொல்லும்படி வேறுபாடில்லை. ஹேம்ஸ்ட்ரிங் வலிமை இம்ப்ளான்ட் தரப்பில் வெகுவாக மேல். எடுக்காத தசை குறையாது என்பதில் வியக்க ஒன்றுமில்லை. நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் வேறு. அதே காலில் மறுபடி ஏசிஎல் அறுவை தேவைப்பட்டவர்கள் இம்ப்ளான்ட் தரப்பில் 14 சதவீதம், ஆட்டோகிராஃப்ட் தரப்பில் 6 சதவீதம். புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை என்கிறார்கள். சரிதான். 35 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் வேறு எப்படித் தெரியும்? பதினேழு வயது முழங்காலுக்கு ஈராண்டுக் கணக்கு போதாது.

இங்கே அந்த இம்ப்ளான்ட் வரும்போது வரட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் வாசலில் காவல் உண்டு. 2017இல் முழங்கால் மாற்று உதிரிகளுக்கு விலை உச்சவரம்பு கட்டியபோது நம் பட்டனையும் ஸ்க்ரூவையும் கண்டுகொள்ளாதவர்கள், இதன் விலையை மட்டும் கண்டுகொள்வார்கள் என்று நம்ப இடமில்லை. பஞ்சு மாட்டிலிருந்து வந்தது என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதுவதோடு நில்லாமல் வாயாலும் சொல்லுங்கள். மாட்டு இதய உறையால் செய்த வால்வுகளை ஏற்றுக்கொண்ட ஊர் இது; கேட்டுவிட்டுச் செய்தால் மறுப்பவர் குறைவு.

இனி, 2020 அனுமதியில் இருந்த நிபந்தனைகள். எலும்பு வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும், வயது 14க்குக் குறையக்கூடாது, முழுக் கிழிசலை எம்ஆர்ஐ உறுதிசெய்ய வேண்டும், டிபியாவில் ஸ்டம்ப் ஒட்டியிருக்க வேண்டும். இவை சரி. கூடவே காயம்பட்ட 50 நாளுக்குள் அறுவை நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது.

ஐம்பது நாள்! நம் ஓபியில் அந்தக் கெடுவுக்குள் வந்து உட்காரும் ஏசிஎல் நோயாளிகள் எத்தனை பேர்? கார்ப்பரேட் மருத்துவமனைகளில் சிலர் வரலாம். மற்றவர்கள் வரும் வழி நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

தை மாதக் கபடி. ரெய்டர் பிடியிலிருந்து திமிறித் திரும்பும்போது முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கிறது. இருட்டுவதற்குள் மூட்டு பந்துபோல் வீங்கிவிடுகிறது. மறுநாள் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். “எலும்பு முறியலை, போய்ட்டு வா.” ஓபி சீட்டில் டைக்ளோஃபெனாக், கிரீப் பேண்டேஜ். அப்பா புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போகிறார். வீக்கம் வடிகிறது. ஏசிஎல் இல்லாத முழங்கால் நேராக ஓடும்; அதனால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறான். அடுத்த திருவிழாப் போட்டியில் திரும்பும்போது கால் நழுவுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குச் சான்றிதழ் வேண்டும், ஆகவே நிறுத்தவில்லை. ஒருநாள் முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறது. நம்மிடம் வருவது அப்போதுதான். ஸ்கோப் விட்டுப் பார்த்தால் நாட்ச்சின் பக்கச்சுவர் வெறுமையாக இருக்கிறது. ஸ்டம்ப் சுருங்கிப் பிசிஎல் மேல் ஒட்டிக் கிடக்கிறது. மீடியல் மெனிஸ்கஸின் பக்கெட் ஹேண்டில், தைக்க நூல் நிற்காத அளவுக்கு நைந்துபோயிருக்கிறது. எந்தப் பஞ்சை எங்கே வைப்பது?

கட்டுக் கட்டியவரைத் திட்டி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் “எலும்பு முறியலை” என்று அனுப்பிவைத்தது அவரல்ல, நம் ஆள். அடிபட்ட சில மணி நேரத்தில் மூட்டில் ரத்தம் கோத்த 85 முழங்கால்களை நோயஸ் குழு ஸ்கோப் விட்டுப் பார்த்து, 72 சதவீதத்தில் ஏசிஎல் சேதத்தைக் கண்டது 1980இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. லாக்மன் பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அரை நிமிடமும் இரண்டு கைகளும் போதும். முதல் நாள் வீக்கத்தில் தெரியாவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி வரச்சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். நம் எம்.பி.பி.எஸ். மாணவர் அதை வைவாவில் அழகாகச் சொல்கிறார். ஒரு முழங்காலில் செய்து பார்க்காமலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்.

இந்தப் பக்கத்தில் இதை எழுதுவது முதல் முறையல்ல. சம்பந்தப்பட்ட துறைகளுக்கு மனுவும் கொடுத்துப் பார்த்தோம். ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. அதோடு சரி. போட்டி மேடைக்குப் பணம் இருக்கிறது, கோப்பைக்கு இருக்கிறது, ரொக்கப் பரிசுக்கும் வரவேற்பு வளைவுக்கும் இருக்கிறது. மைதான ஓரத்தில் முழங்காலைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு மட்டும் இல்லை. மாவட்டத்தில் எம்ஆர்ஐ இருக்கிறது என்று அறிக்கையில் போட்டுக்கொள்கிறார்கள். தலைக்காயமும் தண்டுவடமும் காத்திருக்கும் வரிசையில் ஒரு கபடிக்காரன் முழங்காலுக்கு எப்போது முறை வரும் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. 2020 ஊரடங்கில் அவசரமில்லாத அறுவைகள் என்று ஆர்த்ராஸ்கோபியை நிறுத்தினோம். தேவைதான். அப்போது நின்றவர்களை மறுபடி அழைக்க யாரிடமாவது பட்டியல் இருந்ததா?

இதை வைத்து, கிழிந்ததும் அறு என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்ட் பல்கலைக்கழகக் குழுவின் கேனான் ஆய்வு 2010இல் வந்தபோது இதே பக்கத்தில் வரவேற்றோம். முறையான பயிற்சியோடு பொறுத்துப் பார்த்த 59 பேரில் ஈராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 23 பேர்தான். ஆனால் அவர்கள் நோய் என்னவென்று தெரிந்து, பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் இருந்தார்கள். நம் கபடிக்காரனுக்கு அவன் ஜவ்வு கிழிந்ததே தெரியாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ‘தாமதமானால் பரவாயில்லை என்று ஆய்வே சொல்கிறது’ என எழுதும் நிர்வாகிகள் ஒருமுறை ஓபியில் வந்து உட்காரட்டும்.

இந்தக் கெடுவுக்கு இன்னொரு முகமும் உண்டு. நாளை இங்கே இந்த இம்ப்ளான்ட் வந்துவிட்டால், ‘50 நாளுக்குள் வாருங்கள், இல்லையேல் வாய்ப்பு போச்சு’ என்று பேருந்துக்குப் பின்னால் விளம்பரம் ஓடும். வீக்கம் வடியாத, முழுதாக நீட்ட முடியாத முழங்காலை அவசரப்பட்டுத் திறந்து, விறைப்போடு அனுப்பிவைக்கும் கதைகள் நமக்குப் புதிதல்ல. நாள்காட்டியைப் பார்த்துக் கத்தி எடுக்காதீர்கள். முழங்காலைப் பார்த்து எடுங்கள்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காயம்பட்ட தேதி, முதல் மருத்துவர் பார்த்த தேதி, ஏசிஎல் என்று முதலில் சொன்ன தேதி, அறுவை நடந்த தேதி: இந்த நான்கும் நம் கேஸ் ஷீட்டுகளில் பெரும்பாலும் இல்லை. அவை இல்லாமல் எந்த அதிகாரியிடம் எதைக் காட்டி வாதாடுவது? அடுத்த இதழிலிருந்து இந்த நான்கு தேதிகளும் இல்லாத எந்த ஏசிஎல் கட்டுரையையும் மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவோம். இப்போது கையெழுத்துப் பிரதி தயாரித்துக்கொண்டிருப்பவர்கள் பழைய ஓபி சீட்டுகளை இன்றே எடுத்துப் பார்க்கத் தொடங்கலாம்.