உறையில் கிழமை எழுதுங்கள்



முடக்குவாதம் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. நம் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி வீங்கவைப்பதால்தான் அதை அடக்கும் மருந்து தருகிறார்கள் என்பது எங்களுக்கும் விளங்கியது. ஆனால், அப்படித் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே!

எங்கள் அத்தை மீன் விற்பவர். முடக்குவாதத்தால் காலையில் விரல் மடங்காது, கூடையைத் தூக்க முடியாது. மருந்துக் கடையில் இந்த மாத்திரையின் உறைமேல் ‘இரவு 1’ என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்கள். கூடவே தந்த ஃபோலிக் அமிலமும் மஞ்சள் மாத்திரைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? பத்து நாள் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினார். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துவிட்டன. மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஊரே எங்கள் கடற்கரையில் திரண்டிருந்தபோது, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அட்டையிலேயே ‘வாரம் ஒருமுறை’ என்று தமிழில் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை மருத்துவர்கள் சீட்டிலும், கடைக்காரர்கள் உறையிலும் ‘ஞாயிறு மட்டும்’ என்பதுபோலக் கிழமையை எழுதித் தரலாம்.

– ஒரு வாசகி, வைத்திக்குப்பம், புதுச்சேரி