மேடையை மூடினோம், டெக்கைத் திறந்துவிட்டோம்



"பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிக் கெட்டுப்போகிறார்கள்" என்ற புலம்பல் கேட்காத வீடு இன்று நம்மிடையே இல்லை. புலம்புவோரில் பலர் என் வயதினர். 1980களில் பள்ளியில் படித்தவர்கள். நம்முடைய வளரிளம் பருவத்தில் நம் பெரியவர்கள் எதைத் தடுத்தார்கள், எதை அனுமதித்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? என் விடை கசப்பானது. தடுத்திருக்க வேண்டியதை வீட்டுக்குள் விட்டார்கள். நெறிப்படுத்தியிருக்க வேண்டியதை அடியோடு அறுத்தார்கள். அதே தவற்றையே இன்று நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

வி.எச்.எஸ் வீடியோ கருவி 1976இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அது வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த சபுராளிகளின் பெட்டிகளில் ஏறி நம் ஊர்களுக்கு வந்துவிட்டது. 'டெக்' என்று அதை அழைத்தோம். சொந்தமாக வாங்க வசதியில்லாதவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியுடன் சேர்த்து வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு கேசட்டில் மூன்று மணி நேரம் பதியும். ஒரு கேசட்டுக்கு ஒரு படம். வாடகை நாள் கணக்கு என்பதால், கொடுத்த காசுக்கு மூன்று நான்கு படங்களையாவது பார்த்துவிட வேண்டும் என்ற வேகம். நிக்காஹ் வீடுகளில் இஷாவுக்குப் பின் தொடங்கிய படம், சுப்ஹு பாங்கு சொல்லும்வரை ஓடியது. பாங்கு கேட்டதும் ஒலியைக் குறைத்தார்களே தவிர, படத்தை நிறுத்தவில்லை.

அரசு அப்போதே விழித்துக்கொண்டது. வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மத்திய அரசும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் திருட்டுப் பிரதிகளுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. திரைத்தொழிலின் வருவாயைக் காக்கச் சட்டம் வந்தது. நம் பிள்ளைகளின் கண்களையும் இரவுத் தூக்கத்தையும் காக்க வேண்டிய நாமோ, பாயை விரித்து அவர்களை முன்வரிசையில் அமர்த்தினோம்.

அதே காலத்தில் எங்கள் பள்ளியில் ஆண்டுவிழா நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தமிழாசிரியர் தாமே எழுதுவார். அஸருக்குப் பின் ஒத்திகை. அவரவர் பகுதியை அவரவரே கையால் படியெடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் மேடை. வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வைதான் திரை. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, அரசனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்கும் ஒரு காஜியின் கதையை நடித்தோம். எனக்குக் காவலன் வேடம். ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தில் இருந்த ழகரத்தைத் திருத்த ஆசிரியர் ஒரு வாரம் என்னோடு போராடினார். இன்றும் நான் ஒரு கூட்டத்தில் எழுந்து நடுங்காமல் பேசுகிறேன் என்றால், அல்லாஹ்வின் அருளுக்குப் பின் அந்த ஒரு வாரமே காரணம்.

மறு ஆண்டு நாடகம் இல்லை. "நம் பிள்ளைகள் கூத்தாட வேண்டாம்" என்று பெரியவர்கள் சிலர் வந்து சொன்னார்கள், பள்ளி கைவிட்டது. அப்படிச் சொன்னவர்களுள் ஒருவருடைய இல்லத்தில் அதே மாதம் ஒரு நிக்காஹ். விடிய விடிய டெக் ஓடியது. குறை சொல்லும் நானும் அன்று முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தேன்.

உலமாக்களின் அச்சத்தை நான் எள்ளவில்லை. நபிமார்களையும் நபித்தோழர்களையும் எவரும் வேடமிட்டு நடிக்கக் கூடாது. ஆண் பிள்ளைக்குச் சேலை கட்டி மேடையேற்றக் கூடாது. ஆண்களும் பெண்களும் கலந்து ஒத்திகை பார்க்கக் கூடாது. இவை அனைத்தும் சரியான வரம்புகள். ஆனால் வரம்பு என்பது வயலைக் காப்பதற்காகக் கட்டப்படுவது. வரம்பைக் காரணம் காட்டி வயலையே தரிசாக்கிவிட்டோம்.

பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் விளையாடியதையும், ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைக் காண நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நின்றதையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அது நாடகம் அன்று. நாடகத்துக்கு ஆதாரமாக அதை நான் நிறுத்தவும் இல்லை. ஆனால் இளம் வயதினருக்கு மகிழ்ச்சி தேவை என்பதையும், அது பெரியவர்களின் கண்முன்னே, கண்ணியத்தோடு நிறைவேற வேண்டும் என்பதையும் அந்நிகழ்வு நமக்குக் கற்பிக்கவில்லையா? நாடகம் நமக்கு அந்நியமானது என்று சொல்வோர், அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் ஆகியவை தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கிய நாடகங்கள் என்பதை அறிந்துகொள்ளட்டும்.

மேடையும் டெக்கும் ஒன்றல்ல. மேடையில் பிள்ளை தன் வாயால் பேசினான். டெக்கின் முன்னே வாயடைத்து அமர்ந்தான். மேடையில் என்ன பேசப்படும் என்பதை ஆசிரியர் அறிவார், ஊரே அமர்ந்து கேட்கும். கேசட்டில் என்ன வரும் என்பதை வாடகைக்குக் கொடுத்தவரைத் தவிர எவரும் அறியார். மேடைக்கு ஒரு மாத உழைப்பு வேண்டும். டெக்குக்கு ஒரு பொத்தான் போதும். கேட்பாரும் பார்ப்பாரும் இருந்த ஒன்றை மூடிவிட்டு, எவர் பொறுப்பிலும் இல்லாத ஒன்றைத் திறந்துவிட்டோம். அதற்கு மார்க்கப் பற்று என்று பெயரும் சூட்டிக்கொண்டோம்.

மூடிய மேடை காலியாகவே இருந்ததா? இல்லை. இன்று நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் பலவற்றின் ஆண்டுவிழாவுக்குச் சென்று பாருங்கள். ஒலிப்பெருக்கியில் திரைப்பாடல் ஓடுகிறது. பத்து வயதுக் குழந்தை திரையில் கண்ட அசைவுகளை அப்படியே ஆடுகிறது. அக்குழந்தைக்குப் பேச ஒரு சொல்கூட இல்லை. அன்று டெக்கில் ஓடியதுதான் இன்று மேடையேறியிருக்கிறது. காஜியின் தீர்ப்பைப் பேசக் கூடாது என்ற ஊர், இதைக் கைப்பேசியில் பதிவுசெய்து உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்கிறது. அன்று எழுந்த கண்டனக் குரல்கள் இன்று எங்கே போயின?

கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் தீர்வு வராது. பிடுங்கிய கைக்கு வேறு என்ன கொடுத்தோம்? ஜமாஅத்துகளும் நம் பள்ளி நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும். ஆசிரியர்களும் ஆலிம்களும் சேர்ந்தமர்ந்து கதையைத் தேர்ந்தெடுக்கட்டும். வரதட்சணை, வட்டி, அண்டை வீட்டாரின் உரிமை, முதியோரைக் கைவிடுதல் என்று நம் தெருவிலேயே எத்தனை கதைகள் கிடக்கின்றன! மேலே சொன்ன வரம்புகளை எழுதி ஒட்டுங்கள். திரையிசை வேண்டாம். ஆண் பிள்ளைகளின் நாடகம் தனியே, பெண் பிள்ளைகளின் நாடகம் தாய்மார்களின் முன்னிலையில் தனியே நடக்கட்டும். பெரும் செலவு இல்லை. பெரியவர்கள் தம் நேரத்தைத் தர வேண்டும். நமக்குக் கடினமாக இருப்பதும் அதுதான். டெக்கை வாங்கித் தருவது எளிதாக இருந்தது; கைப்பேசியை வாங்கித் தருவது அதனினும் எளிது. பிள்ளையோடு ஒரு மாதம் அமர்ந்து ஒரு வசனத்தைத் திருத்துவதற்கு நம்மில் எத்தனை பேர் ஆயத்தம்?

நம் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்கு எதை மறுத்தோம் என்பதோடு, மறுத்த இடத்தில் எதை வைத்தோம் என்றும் நாம் மறுமையில் கேட்கப்படலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.