உச்சவரம்பும் ஓட்டைகளும்

பணம் படைத்த குழு நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விலைக்கு வாங்கிவிட்டால் போட்டிக்குப் பொருள் ஏது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் வட அமெரிக்காவின் தேசிய ஐஸ் ஹாக்கி லீக்கில் 2005-ஆம் ஆண்டு சம்பள உச்சவரம்பு வந்தது. ஒரு குழு தன் ஆட்டக்காரர்களுக்காக ஓராண்டில் 3 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் கணக்கில் காட்டக்கூடாது என்பது அன்றைய வரம்பு.

அது இலவசமாக வந்த சீர்திருத்தம் அன்று. உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் மூண்ட பிணக்கில் 2004-05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. முடிவில் ஆட்டக்காரர்கள் தம் ஒப்பந்தச் சம்பளத்தில் 24 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தனர். சமநிலைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் நடந்தது என்ன? வரம்பு பருவ ஆட்டங்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் பொருந்தவில்லை. நெடுநாள் காயமுற்ற ஆட்டக்காரருக்கு ஈடாக வரம்பை மீறி வேறொருவரைச் சேர்க்கவும் விதி இடம் தந்தது. இரண்டையும் இணைத்துப் பாருங்கள்; ஓட்டை தெரியும். தம்பா பே குழுவின் நிகிதா குச்சரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2021 பருவத்தின் 56 ஆட்டங்களிலும் ஆடவில்லை. இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்திலேயே களமிறங்கினார், கோப்பையும் கிடைத்தது. அன்று வரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். அக்குழுவோ ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் வரம்புக்கு மேல் நின்றது! 2023-இல் வேகாஸ் குழுவின் மார்க் ஸ்டோனும் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து இறுதிச் சுற்றுகளில்தான் திரும்பினார், அவர்களும் வென்றனர்.

"விதி அனைவருக்கும் பொதுதானே? மற்றவர்களும் பயன்படுத்தலாமே?" என்று சிலர் கேட்பர். காயங்கள் மெய்யானவை, அறுவைச் சிகிச்சைகளும் மெய்யானவை. அந்த ஆட்டக்காரர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் பெரும் சம்பளக்காரர் ஒருவர் தக்க காலத்தில் காயமுற்று, தக்க காலத்தில் குணமடைந்த குழுவுக்கு மட்டுமே திறக்கும் கதவைப் பொதுக்கதவு என்பது எப்படி? மற்றக் குழுக்கள் வரம்புக்கு அஞ்சித் தம் நல்ல ஆட்டக்காரர்களை விட்டுப் பிரிந்தனவே! விதிக்கு அடங்கியவன் தோற்பது நீதியாகாது.

ஓட்டையை அடைக்க முடியாது என்பதும் சரியன்று. 2010-இல் நியூ ஜெர்சி குழு இலியா கோவல்சுக்குடன் 17 ஆண்டுகளுக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. கடைசி ஆண்டுகளுக்குச் சொற்பத் தொகை வைத்து ஆண்டுச் சராசரியைத் தாழ்த்திய தந்திரம் அது. லீக் அதை ஏற்க மறுத்தது. நடுவரும் லீக்கின் பக்கமே தீர்ப்பளித்தார். 2013 உடன்பாட்டில் ஒப்பந்தக் காலம் 8 ஆண்டுகளுக்குள் அடக்கப்பட்டது. ஆக, மனமிருந்தபோது வழி பிறந்தது. காயத்தின் பெயரால் திறந்திருந்த ஓட்டையை அடைக்கவோ 2025 உடன்பாடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. களமிறங்கும் 20 பேரின் சம்பளக் கணக்கு இறுதிச் சுற்றுகளிலும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என அது விதித்தது. 2025-26 பருவத்திலேயே அதைச் செயற்படுத்தவும் முடிவாயிற்று.

ஓட்டையைப் பயன்படுத்தியவர்களைவிட, அதைக் கண்டும் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தவர்களே பெருங்குற்றவாளிகள் என்பது என் துணிபு. எந்த விதியும் அது மிகத் தேவைப்படும் நாளில் உறங்குமாயின், அதை விதி என்று அழைப்பதில் பயனில்லை.