பேய்க் கதைகளும் எங்கள் அக்காவும்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், கடத்தூர்)

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "இளைஞர் சக்தி, மழைநீர் சேகரிப்பு, அப்துல் கலாம், எதுவானாலும் சரி" என்றார். மூன்றுக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். ஆகவே நான் பேயைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! விடுதியில் கரண்ட் போனால் குளியலறைக்கு ஜோடியாகப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் மின்னியல் துறைக்காரர்களே அதிகம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மூன்று வருடத்தில் பாடப்புத்தகத்தைவிட நான் அதிகம் படித்தது பேய்க் கதைகள்தான். இரண்டு அரியர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் புத்தகம் படித்ததில்லை. அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்க்கிறார். அம்மாவும் ஆயாவும் வெற்றிலை அடுக்கிக் கவுளி கட்டுவார்கள். கடத்தூர் வெற்றிலைச் சந்தையைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலை புரியும். கை ஓயாமல் அடுக்க வேண்டும், ஆனால் வாய் சும்மா இருக்கும். அதனால் ஆயா கதை சொல்லும். புளியமரத்து முனி, ஏரிக்கரைக் கொள்ளிவாய்ப் பேய், கிணற்றில் விழுந்த மருமகள்! எங்கள் ஆயா சொன்ன எந்தப் பேய்க்கும் கோரைப்பல் கிடையாது. எல்லாப் பேய்க்கும் ஊர் உண்டு, தெரு உண்டு, யார் வீட்டுப் பெண் என்ற விவரம் உண்டு. அந்தப் பெண்ணின் சித்தப்பா இன்னும் உயிரோடு இருப்பார், சந்தையில் நமக்குச் சில்லறை தருவார்!

எங்கள் தருமபுரி மண்ணே செத்தவர்களை விட்டுக் கொடுக்காத மண். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அந்த நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன, போய்ப் பாருங்கள். மாசி மாதம் மயானக் கொள்ளை என்றால் சுடுகாட்டுக்கே மேளத்தோடு போகிறவர்கள் நாங்கள். பயம் எங்களுக்குப் பழைய சொந்தக்காரன்.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன்.

முதலில் கையில் கிடைத்தவர் பி.டி. சாமி. 'பேய்க்கதை மன்னன்' என்று பெயர் எடுத்தவர். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்ததைப் பத்து ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே ராத்திரியில் முடித்தேன். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, காரணம் கதையின் சுவை மட்டுமல்ல, தண்ணீர்க் குடம் வெளியே இருந்தது! இலக்கியம் தெரிந்தவர்கள் இவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் போவது சாதாரண வேலை இல்லை. நான் அப்படி இழுக்கப்பட்டவன்.

அடுத்து இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் மறைந்தார். 'மர்மதேசம்' என்ற பெயரில் 1990-களில் சன் டிவியில் வந்த தொடர்களை இப்போதும் செல்போனில் தேடிப் பார்க்கிறார்கள். அதில் 'விடாது கருப்பு' பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு மாமா வேலிக்கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார் என்று சொல்வார்கள். உண்மையா தெரியாது, கேட்க நன்றாக இருக்கிறது. அவர் கதையில் சாமியும் இருக்கும், சயின்சும் இருக்கும். கருப்பு சாமிதான் தண்டிக்கிறது என்று நம்மை நம்பவைத்து, கடைசியில் ஒரே ஆளுக்குள் இன்னொரு ஆள் இருக்கும் மனநோய் என்று திருப்புகிறார். யார் என்று சொல்ல மாட்டேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதற்கும் முன்னால் குமுதத்தில் வந்தது. கணேஷும் வசந்த்தும் பேயைத் துரத்துகிறார்கள், ஹோலோகிராம் என்று ஒரு விளக்கம் வருகிறது. நம் லேப் பசங்களுக்குப் பிடிக்கும். ஹோலோகிராபியை டென்னிஸ் கேபார் 1947-லேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் 1960-ல் லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியாக வேலை செய்தது. சுஜாதா கெட்டிக்காரர். விளக்கத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் சந்தேகத்தையும் மீதி வைத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் விளக்கம் சொல்லும் கதைகளில் எனக்கு ஒரு குறை. விளக்கம் வந்ததும் பயம் போய்விடுகிறது. பயம் போனதும் கதையும் போய்விடுகிறது. மறுநாள் ஞாபகம் இருப்பதில்லை.

புதுமைப்பித்தனின 'காஞ்சனை' அப்படிப் போகவில்லை. (பெயரைக் கேட்டதும் ராகவா லாரன்ஸ் என்று கத்த வேண்டாம். அது 2011-ல் வந்த படம். இது 1948-லேயே இறந்துபோன ஒருவர் எழுதிய கதை.) எழுத்தாளர் ஒருவர் வீட்டுக்குப் பிச்சை கேட்டு ஒரு பெண் வருகிறாள். மனைவி அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். மனைவிக்கு அவளைப் பிடித்துப் போகிறது, படித்த கணவனுக்கோ பயம் பிடித்துப் போகிறது. அவள் பேயா, மனுஷியா, இல்லை இவருக்குத்தான் தூக்கம் கெட்டுப்போச்சா? கடைசி வரை சொல்லவே மாட்டார். படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, பாதிக் கதையைக் கிழித்துவிட்டார்களோ என்று பக்கத்தை எண்ணிப் பார்த்தேன்! ரெண்டு நாள் கழித்துத்தான் பயம் வந்தது. பகுத்தறிவு பேசுகிற ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருப்பான் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

அதே புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்றும் ஒன்று எழுதியிருக்கிறார், மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' தமிழில். அந்த அம்மாள் 1816-ல் ஜெனிவா ஏரிக்கரையில், மழை விடாமல் பெய்த ஒரு கோடையில் அந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது வயது பதினெட்டு. என் வயது! புத்தகம் 1818-ல் வந்தது. இன்னொன்று கவனித்தேன். பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, அதைச் செய்த மாணவனின் பெயர். செய்துவிட்டு, அது கண் விழித்ததும் பயந்து ஓடிவிடுகிறான். மின்னலைப் பிடித்து உயிர் கொடுக்கும் பெரிய மிஷின் எல்லாம் 1931-ல் வந்த சினிமாவில்தான். புத்தகத்தில் ஒரு பொறி என்பதோடு சரி. ரீடிங் எடுக்காமல் ரிக்கார்டு எழுதும் நம்மைப் போலவே அவளும் செய்முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

இனி எங்கள் அக்கா.

இதை மலரில் எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். அக்காவிடமே கேட்டேன். "பேர் போடாம எழுதிக்கோ" என்றது.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தது. பத்தாம் வகுப்பில் 431 மார்க். நான் எடுத்தது 388. மார்க் வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள், மாப்பிள்ளை சேதி கொண்டு. பள்ளிக்கூடம் நின்றது. அக்கா சண்டை போடவில்லை. சாப்பாட்டை மட்டும் நிறுத்தியது. நான்காம் நாள் சாயங்காலம் வெற்றிலை அடுக்கிக்கொண்டு இருந்தபடியே சாய்ந்து, கை கால் இழுத்து, தலையை ஆட்ட ஆரம்பித்தது. ஆயா உடனே சொல்லிவிட்டது, "கெணத்துக்காரி வந்துட்டா."

பக்கத்து ஊர்ப் பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எட்டாம் வகுப்பு. வேப்பிலையால் அடித்து அடித்து, "யாருடி நீ? பேரைச் சொல்லு!" என்று கேட்டார். கிணற்றில் விழுந்தவள் பெயர் வர வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தோம். அக்கா தன் சொந்தப் பெயரைச் சொன்னது. அப்பா பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் சொன்னது. "431" என்றும் சொன்னது. பூசாரி, "பேய் ஏமாத்துது" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தார். கடைசியில் உச்சிமுடியைக் கொத்தாக எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். நான் பழத்தைக் கீழே போடாமல் பிடித்திருந்தேன். பேய்தான் பேசுகிறது என்று நானும் நம்பினேன்.

மாப்பிள்ளை வீட்டார் சேதி தெரிந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேய் பிடித்த பெண்ணாம். ஆக, இல்லாத பேய் அக்காவைக் கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது. பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அந்தப் பேய்க்குச் செல்வாக்கு இல்லை.

இதனால்தான் இப்போது வரும் பேய்க் கதைகள் மேல், அதிலும் செல்போனில் காதில் மாட்டிக் கேட்கிற "உண்மைச் சம்பவங்கள்" மேலும், வருஷத்துக்கு நாலு வரும் பேய்ப் படங்கள் மேலும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பத்தில் எட்டுப் பேய் பெண் பேய். ஏமாற்றப்பட்டவள், எரிக்கப்பட்டவள், கிணற்றில் தள்ளப்பட்டவள். கணக்குப்படி நாம் பயப்பட வேண்டியது தள்ளினவனைப் பார்த்து. ஆனால் இசை அவன் வரும்போது வாசிப்பதில்லை, அவள் வரும்போதுதான் வாசிக்கிறார்கள்! உயிரோடு இருக்கும்போது அவள் பேசினால் யாரும் கேட்பதில்லை. செத்து, முடியை விரித்துப் போட்டு, குரல் மாறி வந்தால்தான் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறது. ஆயா சொன்ன கதையும் இதே கதைதான். ஆனால் ஆயா, கிணற்றுக்காரி எப்படிச் செத்தாள், யார் அடித்தார்கள் என்பதை விடாமல் சொல்லும். படம் எடுக்கிறவர்கள் அதைப் பத்து நிமிஷ பிளாஷ்பேக்காகச் சுருக்கிவிடுகிறார்கள், மீதி இரண்டு மணி நேரம் கதவு தானாகத் திறக்கும்.

நான் படித்ததிலேயே அதிகம் பயந்த புத்தகத்தில் பேயே இல்லை. பெருமாள்முருகனின் 'பூக்குழி', 2013-ல் வந்தது. சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், சரோஜாவைக் காதலித்துக் கல்யாணம் செய்து தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். பாறை மேல் வீடு. மாமியார் மாராயி வாசலில் உட்கார்ந்து ஓயாமல் திட்டிக்கொண்டும் ஒப்பாரி வைத்துக்கொண்டும் இருக்கிறாள். ஊர்க்காரர்கள் வந்து வந்து அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, பொண்ணு என்ன சாதி? புத்தகம் முழுக்க அந்தப் பதில் வருவதில்லை. இருட்டு இல்லை, பகல் வெயில். அந்த வெயிலிலேயே எனக்குக் கை நடுங்கியது. முடிவைச் சொல்ல மாட்டேன், தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் போய் 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை வந்த புத்தகம் இது.

அதன் சமர்ப்பணத்தில் இளவரசன் என்று இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7-ல் நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. 2013 ஜூலை 4-ல் தருமபுரி ரயில் பாதை ஓரம் இளவரசன் உடல் கிடந்தது. அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கிணற்றுக்காரியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுகிற ஆயா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேயைவிடப் பெரிய பயம் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) இதே வரிசை. வீரப்பன் தேடுதல் காலத்தில் மலைவாழ் மக்கள் பட்டது. அறுபது பக்கம் படித்து மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். படிக்கும்போது வாச்சாத்தி நினைவுக்கு வராமல் இருக்காது. அது எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 1992 ஜூனில் நடந்ததற்கு 2011-ல் தீர்ப்பு வந்தது, 269 பேரும் குற்றவாளிகள் என்று. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! எந்தப் பேய்க் கதையிலும் பேய் அவ்வளவு காலம் காத்திருந்ததாக நான் படிக்கவில்லை. மலேசியாவில் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' நாவலை 2020-ல் அங்கே அரசாங்கமே தடை செய்தது. அது இன்னும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் விடுதி அறைக்குக் கொண்டு வந்து தரவும். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

நான் நூலகத்தில் எடுக்கும் புத்தகங்களைச் சனிக்கிழமை ஊருக்குக் கொண்டு போவேன். அக்காவும் படிக்கும். வெற்றிலை அடுக்கும்போது மடியில் விரித்து வைத்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பும். பக்க ஓரங்களில் பச்சைக் கறை இருந்தால் அது அக்கா படித்த பக்கம். நூலகர் அய்யா ஒருமுறை கேட்டார், வெற்றிலை போடும் பழக்கம் உண்டா தம்பி என்று!

காஞ்சனையைப் படித்துவிட்டு அக்கா சொன்னதை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை. நான், "எப்படி, கடைசி வரைக்கும் பேயா இல்லையான்னு சொல்லவே இல்ல பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டேன், நானே எழுதின மாதிரி. அக்கா வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த ஆளுக்குப் பயம், சரி. அந்தப் பொம்பள எங்கிருந்து வந்தா, ஏன் பிச்சை எடுக்கறா, அதை யாராச்சும் கேட்டாங்களா?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை. பழம் பிடித்திருந்த கைதான் ஞாபகம் வந்தது.

இப்போது 'பூக்குழி' அக்காவிடம் இருக்கிறது. போன வியாழக்கிழமையோடு தவணை முடிந்தது. பாதிதான் ஆகியிருக்கிறதாம். பக்க அடையாளத்துக்குப் பேப்பரிலிருந்து கிழித்த ஒரு துண்டு வைத்திருக்கிறது, தனித்தேர்வர்கள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் தேதி போட்ட துண்டு. நான் பார்த்ததை அக்கா பார்த்தது. "அது வெறும் அடையாளம்தான்" என்றது. புத்தகத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. அபராதம் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் நூலகத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன்.