மிகுதியும் மிதமிஞ்சலும்

பாடாலூர் வழியே செல்லும் திருச்சி–சென்னைப் பெருஞ்சாலையில் வேலை நாடிப் புறப்படும் நம் இளைஞர், 1998 முதல் கார் செய்துவரும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை போன்றவிடங்களில் கொரியருடன் பேச ஆங்கிலத்தையே துணைக்கொள்ள நேர்கிறது. அதில் இருசாராரும் இடறுமிடம் ஒன்றுண்டு. நம் பேச்சிலுள்ள 'ரொம்ப' மிகுதியையும் அளவு கடத்தலையும் ஒருங்கே குறிக்கும். கொரிய மொழியின் 'நொமு' என்பதும் அத்தகையதே; அளவு கடத்தலுக்கே உரியதென்று விதிக்கப்பட்டிருந்த அச்சொல்லை நற்பொருளிலும் வழங்கலாமென அந்நாட்டுத் தேசிய மொழிக் கழகம் 2015இல் ஒப்புக்கொண்டது. ஆங்கிலமோ இவ்விரண்டையும் 'வெரி', 'டூ' என வேறு பிரிக்கும். யந்திரம் 'வெரி ஹாட்' எனின் கவனித்து ஓட்டலாம்; 'டூ ஹாட்' எனின் நிறுத்தல் வேண்டும். ஆதலின் இச்சொற்களைப் பட்டியலாய் நெட்டுருச் செய்வியாது, செயலோடு சேர்த்துக் கற்பித்தலே தக்கதென்பது எமது துணிபு.